ஓரமாக இழுத்துப் போடுதல்

அதிகாலை மூன்று மணி.
ஸ்மித்டன் பால் ஆலையின் கொதிகலன் வாடை
இன்னும் தலைமுடியில்.
மெரின் வண்டியைக் கிளப்புகிறாள்.
மாராவா வரை ஐம்பது கிலோமீட்டர்,
டாஸ்மேனியாவின் வடமேற்கு மூலை,
புதர், வேலி, புதர், அப்பால் கடல்.
நூறில் போகலாம் என்கிறது பலகை.
அவள் அறுபதைத் தாண்டுவதில்லை.
பின்னால் வருபவர்கள்
விளக்கை மின்னி மின்னித் திட்டிவிட்டு
முந்திப் போகிறார்கள்.
போகட்டும்.

இருக்கைக்கு அடியில்
ரப்பர் கையுறை, டார்ச்,
ஒரு தலையணை உறை,
இளஞ்சிவப்பு பெயின்ட் டப்பா.
ஒருமுறை சோதனையில் இதைப் பார்த்த போலீஸ்காரர்
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

பேய் என்று பெயர் வைத்தார்கள் அதற்கு.
நம் பேய்க்குப் புளியமரம் உண்டு,
கால் தரையில் பாவாது,
லாரி மோதிச் சாவதில்லை.
இந்தப் பேய்க்கு நாலு கால்,
குட்டை நாயின் உடம்பு,
மார்பில் ஒரு வெள்ளைக் கோடு,
இனத்தையே அரிக்கும் முகப் புற்று,
அதற்கு மேல் தீராத பசி.
செத்ததைத் தின்று காட்டைக் கூட்டிப் பெருக்கும்.
அடிபட்ட வாலபியை மோப்பம் பிடித்து வந்து
தார்ச்சாலை நடுவே பந்தியில் உட்காரும்,
கறுப்பின் மேல் கறுப்பாக.
அடுத்த வண்டிக்குத் தெரியாது.

மெரின் செய்வது இவ்வளவுதான்:
நிறுத்துகிறாள்.
செத்ததின் வாலைப் பிடித்துப்
புதருக்குள் பத்தடி, பதினைந்தடி
இழுத்துப் போடுகிறாள்.
பெண் என்றால் முதலில் பையைத் தடவுவாள்.
சில நாள் உள்ளே சூடு இருக்கும்,
அம்மா செத்தது தெரியாத ஒன்று.
அப்போதுதான் தலையணை உறை,
அப்போதுதான் சட்டைக்குள் இன்னொரு மூச்சு,
அன்றைக்குத் தூக்கம் கிடையாது.
பை காலி என்றால்
முதுகில் இளஞ்சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை.
மூன்று வருஷத்துக்கு முன், ஜூலையில்,
மழை கண்ணாடியை அறைந்த இரவு,
இரட்டை ஷிஃப்ட்.
ரெட்பா வளைவில் ஒரு வாலபி கிடந்தது.
பார்த்தாள்.
காலையில் யாராவது, என்று நினைத்தாள்.
ஸ்டியரிங்கை ஒடித்து விலகிப் போனாள்.

மறுநாள்
வாலபியின் மேல் கவிழ்ந்து
அது கிடந்தது.
வாயில் இன்னும் ஒரு துண்டு.
மழை கழுவிய வெள்ளைக் கோடு
பளிச்சென்று இருந்தது.
யார் வண்டி என்று தெரியாது.
யார் வண்டி என்று அவள் கேட்கவும் இல்லை.

ஆலையில் இதைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.
கூட வந்த டெஸ் ஒருநாள்
தின்ற ஆப்பிளின் மிச்சத்தை
ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கினாள்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் மெரின்.
அதைத் தின்ன வாலபி வரும்,
வாலபியைத் தின்ன அது வரும்.
மிச்சம் ஆப்பிள்
மாராவா வரை டெஸ்ஸின் மடியில் பயணம் செய்தது.

வீட்டில் கால்வின் கெட்டிலை வைத்துவிட்டுக் கேட்பான்:
"எத்தனை?"
"மூணு."
"எல்லாம் செத்ததுதானே?"
"ஆமா."
"செத்ததைக் காப்பாத்த இவ்வளவு டீசலா?"
கெட்டவன் இல்லை, கணக்குப் பார்ப்பவன்.
போன கிறிஸ்துமஸுக்கு அவன் தந்த பொட்டலத்தில்
முழங்கை வரை நீளும்
புதுக் கையுறை.

இன்று மறுபடி ரெட்பா வளைவு.
கனமான கிடா. இடுப்பு பிடித்துக்கொண்டது.
இழுத்துப் போட்டுவிட்டு
வண்டியில் ஏறி, இன்ஜினை அணைத்து,
ஜன்னலை இறக்கிக் காத்திருக்கிறாள்.
பத்து நிமிடம். இருபது.
தவளைகள். தூரத்துக் கடல்.
பிறகு,
தொண்டை கிழியும் ஓர் அலறல்,
உறுமல், எலும்பு நொறுங்கும் சத்தம்.
ஒன்றல்ல, இரண்டு.
பங்குச் சண்டை.
கப்பலில் வந்து இறங்கியவர்கள்
இதைக் கேட்டுத்தான் நடுங்கியிருப்பார்கள்.
மெரின் ஃபிளாஸ்க்கைத் திறந்து
ஆறிப்போன டீயைக் குடிக்கிறாள்.
சாலை காலியாக இருக்கிறது.